முகம் தெரியும், பேர் தெரியுமா? கரிசல் மண்ணில் இருந்து வந்த ‘சினிமா பாட்டி’ எஸ்.என்.லட்சுமி யார்?

‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் நைசாகச் சுருட்டிக்கொள்ளும் பாட்டியை ஞாபகம் இருக்கா? ‘மகாநதி’யில் மருமகன் ஜெயிலுக்குப் போன பிறகு பேரப்பிள்ளைகளோடு தவிக்கும் மாமியார்? ‘விருமாண்டி’யில் பேரன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பத்தா?

மூன்றும் ஒரே ஆள்தான். முகத்தைப் பார்த்தால் “அட, இவங்களா!” என்று சொல்லாத தமிழ் ரசிகர் இருக்க மாட்டார். ஆனால், பேரைக் கேட்டால் பலருக்கும் தெரியாது. அவர்தான் எஸ்.என்.லட்சுமி.

எந்த ஊர்?

விருதுநகர் பக்கம் உள்ள சென்னல்குடி கிராமம். பேருக்கு முன்னால் இருக்கும் ‘எஸ்’ அந்த ஊரின் முதல் எழுத்து. ‘என்’ அப்பா நாராயணனின் பேர். பிறந்தது 1927 வாக்கில்.

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று நீளும் இந்தக் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம். பொய்த்தால் பிழைப்பைத் தேடி வெளியூர். லட்சுமியின் குடும்பமும் வறுமையில்தான் இருந்தது. சின்ன வயதிலேயே அவர் நாடகக் குழுவுக்குப் போய்விட்டார்.

கரிசல் ஊர்களுக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்ததே தூத்துக்குடி அருகே உள்ள காட்டுநாயக்கன்பட்டியில்தான். அவர் எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகங்கள் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்ததும் ஊரே வரி போட்டு நாடகம் வைக்கும்.

பார்க்க ஊரே திரண்டாலும், மேடை ஏறும் பெண்ணுக்கு மரியாதை கிடைப்பது அபூர்வம். “கூத்தாடி” என்று ஒதுக்கிய காலம் அது. அதே சமயம், படிப்போ சொத்தோ இல்லாத ஒரு பெண் யாரையும் சாராமல் சம்பாதிக்க இருந்த சில வழிகளில் நாடகமும் ஒன்று. லட்சுமி அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழுவிலும் நடித்தார். கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

கூட்டத்தில் ஒருவராகத்தான். ஜெமினி ஸ்டூடியோவின் எஸ்.எஸ்.வாசன் எடுத்து 1948-ல் வெளியான ‘சந்திரலேகா’வில் பிரம்மாண்டமான முரசு நடனம் வரும். அதில் ஆடிய குழுவில் லட்சுமியும் இருந்தார்.

அடுத்து சின்னச் சின்ன வேடங்கள். 1960-ல் வந்த எம்.ஜி.ஆரின் ‘பாக்தாத் திருடன்’ படத்தில் சிறுத்தையோடு மோதும் காட்சியில் டூப் இல்லாமல் நடித்தவர் என்று இன்றைக்கும் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

31 வயது மகனுக்கு 37 வயது அம்மா

திருப்புமுனை, 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’. கே.பாலசந்தர் எழுதிய கதை. ஏவிஎம் தயாரிப்பில் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். ஹோட்டல் சர்வராக இருந்து நட்சத்திரமாக உயரும் மகன், அம்மாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போவதுதான் படத்தின் கனமான இடம். மகன் நாகேஷ். அம்மா எஸ்.என்.லட்சுமி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாகேஷ் பிறந்தது 1933-ல். அதாவது, ‘மகனை’விட ‘அம்மா’வுக்கு ஆறு வயதுதான் கூட!

இது தமிழ் சினிமாவில் மட்டும் நடப்பது இல்லை. உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் ஜப்பானின் ‘டோக்கியோ ஸ்டோரி’ 1953-ல் வந்தது. அதில் வயதான அப்பாவாக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயது. மூத்த மகளாக வரும் ஹாருகோ சுகிமுராவுக்கு 44.

ஹீரோயின்களுக்கு வயது கூடக் கூட வாய்ப்பு குறையும். முப்பதுகளிலேயே அம்மாவாகிவிட்ட லட்சுமிக்கு அந்தக் கவலை இல்லை. வயது கூடக் கூட வேடமும் கூடியது. அம்மா, மாமியார், பாட்டி என்று சுமார் அறுபது ஆண்டுகள் கேமரா முன்னால் நின்றார். அதற்குக் கொடுத்த விலை, போஸ்டரில் முகம் வராதது.

கமல் படங்களில் என்ன ஸ்பெஷல்?

புது தலைமுறைக்கு அவரைக் கொண்டுசேர்த்தது கமல்ஹாசன் படங்கள்தான்.

• ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990): ஊர்வசியின் பாட்டி. திருட்டுக் கை, அப்பாவி முகம். கிரேஸி மோகன் வசனத்துக்குக் கொஞ்சமும் சளைக்காத டைமிங்.

• ‘மகாநதி’ (1994): முற்றிலும் வேறு ஆள். ஒரு குடும்பம் கண் முன்னால் சிதைவதைப் பார்த்துக்கொண்டு, எதுவும் செய்ய முடியாத முதுமை.

• ‘விருமாண்டி’ (2004): தென்மாவட்டக் கிராமத்து அப்பத்தா. அவர் பிறந்து வளர்ந்த பக்கத்துப் பேச்சு என்பதால் வசனம் வசனமாகவே கேட்காது. வீட்டுப் பேச்சாகக் கேட்கும்.

மொத்தம் எத்தனை படங்கள்?

1,500-க்கும் மேற்பட்ட படங்கள், 6,000 நாடகங்கள் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. இதை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்ப்பது கஷ்டம். ஹீரோவுக்கு 100-வது படம், 200-வது படம் என்று விழா எடுப்பார்கள். இரண்டு நாள் கால்ஷீட்டில் வந்து, அழுதோ சிரித்தோ ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போகும் நடிகையின் படங்களை யாரும் உட்கார்ந்து எண்ணுவது இல்லை. பழைய படங்களின் டைட்டிலில் பேர் விட்டுப்போவதும் உண்டு.

தமிழக அரசின் கலைமாமணி விருது அவருக்குக் கிடைத்தது.

கடைசி வரை நடிப்பு

எண்பது வயதைத் தாண்டியும் அவர் ஓய்வெடுக்கவில்லை. விஜய் டிவியின் ‘சரவணன் மீனாட்சி’ தொடரில் பாட்டியாக நடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான், 2012 பிப்ரவரி 20-ம் தேதி மாரடைப்பால் சென்னையில் காலமானார். உடல் சொந்த ஊருக்கே கொண்டுசெல்லப்பட்டது. பிழைப்புக்காகச் சின்ன வயதில் விட்டுப்போன அதே கரிசல் மண்ணுக்கு!

இனிமேல் டிவியில் அந்த முகம் வந்தால், “இந்தப் பாட்டி யாரு?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், பேரையும் ஊரையும் சேர்த்தே சொல்லலாம்: சென்னல்குடி எஸ்.என்.லட்சுமி.