கோஹிமா மலைமேல் ஒரு யுத்த ஞாபக ஸ்தலம்

நமது சங்கத்தின் சென்ற வருடாந்தரக் கூட்டம் முடிந்து யாவரும் போஜனத்திற்கு எழுந்த சமயம், அங்கத்தினருள் வயது முதிர்ந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றி நிறுத்தினார். "தம்பி, நீ வியாபார நிமித்தம் அஸ்ஸாம் பக்கம் போய்வருகிறவனாயிற்றே, கோஹிமாவுக்குப் போனதுண்டா?" என்று வினவினார். இல்லையென்றேன். "அடுத்த முறை போனால் அந்த மலைமேல் ஏறிப் பார். என் பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்து 1944-ல் அந்தத் திசையில் தவறிப்போனார். சர்க்கார் காகிதம் வந்தது, அஸ்திகூட வரவில்லை. அங்கே எல்லாருடைய பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம். அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்" என்றார். அவருடைய வேண்டுகோளே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கோஹிமா, நாகாலாந்து ராஜ்யத்தின் தலைநகர். அந்த ராஜ்யம் 1963-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆம் தேதி ஏற்பட்டது. வெளி மாகாணத்தார் அதனுள் பிரவேசிக்க இன்னர் லைன் பெர்மிட் என்னும் அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். ரயிலில் திமாப்பூர்வரை செல்லலாம். அங்கிருந்து 46 மைல் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால், கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் ஒரு மலைமுதுகின்மேல் ஊர் தென்படும். வழிநெடுகிலும் மண்சரிவும் செப்பனிடும் வேலையுமாயிருந்தபடியால், நான் ஊர் சேரும்போது எலும்பெல்லாம் தனித்தனியாய் எண்ணக்கூடிய நிலையிலிருந்தேன். அது நிற்க.

நகரின் நடுவே காரிஸன் ஹில் என்று பெயர்பெற்ற குன்று இருக்கின்றது. குன்றின் சரிவு முழுமையும் படிப்படியாய் வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியிலும் பசும்புல்லும் மலர்ச்செடிகளும் வைத்து, அவற்றினிடையே வரிசை வரிசையாய்ச் சிறு கற்கள் நாட்டி, கற்களின்மேல் வெண்கலத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். அதுவே யுத்த மயானம். உச்சியில் ஒரு பெரிய கற்சிலுவை நிற்கின்றது. அங்கே நின்று திரும்பிப் பார்ப்பவனுக்கு, இந்தக் குன்றின் பொருட்டு இத்தனை பேர் ஏன் மாண்டார்கள் என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. வடக்கே எதிர்மேட்டில் பழைய நாகர் கிராமம். மேற்கே ஜோட்ஸோமாச் சரிவு. தெற்கே 10,000 அடி அளவுக்கு உயர்ந்து மேகத்தில் மறையும் ஜாப்ஃபு சிகரம். இவற்றுக்கு நடுவில், திமாப்பூரிலிருந்து ஏறிவரும் பாதை இக்குன்றின் அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு இம்பாலுக்கு இறங்குகின்றது. வேறு பாதை இல்லை. குன்று எவன் கையிலிருக்கின்றதோ, பாதையும் அவன் கையில்.

1944-ஆம் வருஷம் மார்ச் மாத மத்தியில் ஜெனரல் முதகுச்சியின் ஜப்பானிய ஸைன்யம் சிந்துவின் நதியைக் கடந்தது. அதில் 31-ஆவது டிவிஷன், ஸாட்டோ என்பவர் தலைமையில், சுமார் 15,000 பேரோடு கோஹிமாவை நோக்கி மலைக்காடுகளூடே நடந்தது. கையிலிருந்த உணவு மூன்று வாரத்திற்கே போதுமானது. மிகுதியைப் பகைவரிடமிருந்து பறித்துக்கொள்ளலாம் என்பது மேலதிகாரியின் எண்ணம். வழியில் ஜெஸாமி, கராஸோம் என்னும் இடங்களில் அஸ்ஸாம் ரெஜிமெண்டார் சிறு தொகையினராய் நின்று சில நாள் தடுத்தனர். அச்சில நாட்கள் பெரிய விலையுள்ளனவாயின.

ஏப்ரல் 4-ஆம் தேதி கோஹிமாவில் சண்டை தொடங்கிற்று. மறுநாள் ராயல் வெஸ்ட் கெண்ட் பட்டாளம் வந்து சேர்ந்தது. அவர்களையும் சேர்த்துக் குன்றில் இருந்தவர் ஏறக்குறைய 2,500 பேர். அவர்களிலும் ஆயுதம் பிடித்துப் போரிடத் தக்கவர் போக மற்றையோர் குமாஸ்தாக்களும் சிற்றாள்களுமே. ஜில்லா அதிகாரியாகிய பாஸி துரை, போகலாமென்று சொல்லியும் போகாமல், நாகர்களை விட்டு அகலேன் என்று குன்றிலேயே தங்கினார். அவருடைய பங்களாவும், அதற்கு மேற்புறத்தே அவர் டென்னிஸ் ஆடிய மைதானமும் யுத்தகளமாயின. மைதானத்தின் ஒரு பக்கத்தில் இவர்கள் பதுங்குகுழி; மறுபக்கத்தில் அவர்கள் பதுங்குகுழி; இடையே இருபது முப்பது கஜம். பந்து பறந்த இடத்தில் கைவெடிகள் பறந்தன. தண்ணீர் ஊற்றுகள் பகைவர் கைப்பட்டன. இரவில் ஒளிந்து சென்று ஒரு சிறு சுனையில் சொட்டுச் சொட்டாய் முகந்து வந்ததே குடிநீர். ஆகாயவிமானத்திலிருந்து போடப்பட்ட மூட்டைகளிற் பல ஜப்பானியர் பக்கம் விழ, அவர்கள் அவற்றிலிருந்த குண்டுகளையே இவர்கள்மீது எய்தனர். ஜோட்ஸோமாவிலிருந்த இந்திய மலைப்பீரங்கிப் படையார், தங்களவர் தலைக்குச் சில கஜம் அப்பால் குண்டு விழும்படி அத்தனை நுட்பமாய்ச் சுட்டிராவிடில், குன்று பத்துநாளும் நின்றிராது. ஆங்கிலக் கதைகளிலே இவர்களைப் பற்றி ஒரு வரியுடன் கடந்துபோகிறார்கள்; ஆதலின் நான் இங்கே நின்று சொல்லுகிறேன்.

ஏப்ரல் 18-ஆம் தேதி பஞ்சாப் ரெஜிமெண்டார் முதலில் உள்ளே புகுந்தனர்; முற்றுகை தளர்ந்தது. ஆயினும் ஜப்பானியர் சுற்றுமேடுகளை விடவில்லை. டென்னிஸ் மைதானத்தை மீட்க மே 13-ஆம் தேதிவரை சென்றது. அதுவும் ஒரு டாங்கியை அரும்பாடுபட்டு மேலே ஏற்றி, மிக அருகிலிருந்து சுட்ட பின்னரே. ஸாட்டோவின் சேனைக்கு வாக்களித்த உணவும் மருந்தும் வரவேயில்லை. பட்டினியாலும் வயிற்றுக்கடுப்பாலும் மலேரியாவாலும் மடிகின்ற வீரரைக் கண்ட அவர், மேலதிகாரியின் ஆக்ஞையை மீறிப் பின்வாங்கினார். ஜப்பானிய ஸைன்யத்தில் இது கேட்டிராத காரியம். ஜூன் 22-ஆம் தேதி 109-ஆவது மைல்கல்லருகே, கோஹிமாவிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் சந்தித்தன. கோஹிமாவில் மட்டும் பிரிட்டிஷ், இந்திய தரப்பில் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் நஷ்டமானவர் 4,000 பேருக்கு மேல். ஜப்பானியர் அதனினும் மிகுதி. 2013-ல் லண்டன் ராணுவப் பொருட்காட்சிசாலையார் நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டன் செய்த யுத்தங்களுள் தலையாயது இம்பால்–கோஹிமா யுத்தமே என்று தேர்ந்தெடுக்கப்பட்டது.

மைதானம் இன்றும் இருக்கின்றது. அதன் கோடுகளை வெள்ளை நிறத்தில் சிமெண்டினால் பதித்திருக்கிறார்கள். நான் சென்ற நாளில் பள்ளிச் சிறுமியர் சிலர் அக்கோடுகளின்மேல் ஒற்றைக்காலால் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களை அதட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனிப் பெரியவர் கேட்ட விஷயத்துக்கு வருவோம்.

போரில் இறந்தவரைத் தாய்நாட்டிற்குக் கொண்டுபோகாமல் விழுந்த இடத்திலேயே அடக்குவதும், அதிகாரி சிப்பாய் என்னும் பேதமின்றி ஒரே அளவுள்ள கல் நாட்டுவதும், 1917-ல் ஏற்பட்ட யுத்த மயானக் கமிஷனாரின் விதி. கோஹிமாவில் இவ்வாறு அடக்கம் பெற்றவர் 1,420 பேர். ஹிந்துக்களும் சீக்கியரும் தத்தம் மதாசாரப்படி தகனம் செய்யப்பட்டனர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. குன்றின் உயர்ந்த பகுதியில் ஒரு தனி ஞாபகச் சின்னம் எழுப்பி, அதில் 917 பேருடைய நாமங்களைப் பொறித்திருக்கிறார்கள். பட்டாளம், பதவி, பெயர் இவ்வளவே. ஜாதி இல்லை, ஊர் இல்லை.

ஜாதி இல்லாததைக் கண்டு எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனைக்கும், பின்னர் 1893 வரை இந்தியச் சேனை முழுமைக்கும் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு, வடநாட்டில் சில ஜாதியாரே போர்க்குணமுடையவரென்றும், தென்னாட்டார் சண்டைக்கு உதவாரென்றும் கருதியவர். அக்கொள்கையால் சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆட்பஞ்சம் நேர்ந்ததும், கலைத்தவர்களே மறுபடியும் நம் ஜில்லாக்களில் தமுக்கடித்து ஆள் சேர்த்தனர். வீர ஜாதி எது என்னும் ஆராய்ச்சி அப்பொழுது எங்கே போயிற்றோ! பெரியவருடைய பெரியப்பா அவ்வாறு சேர்ந்தவருள் ஒருவர்.

அந்நாளில் மற்றொரு பக்கத்திலும் தமிழர் இருந்தார்கள். மலேயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றிருந்த நம்மவருள் பல்லாயிரவர் நேதாஜி போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்ஸி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் சேர்ந்தனர். டென்னிஸ் மைதானத்தில் கைவெடிகள் பறந்துகொண்டிருந்த அதே ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி, மணிப்பூரில் மொய்ராங் என்னுமிடத்தில் அந்த ராணுவத்தார் தங்கள் கொடியை ஏற்றினர். அவர்களில் மாண்டவருக்காக 1945 ஜூலையில் போஸ் சிங்கப்பூரில் ஒரு ஞாபகக் கல்லுக்கு அஸ்திவாரமிட்டார்; அதே வருஷம் செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பிவந்து அதை வெடிவைத்துத் தகர்த்தனர். பெயரைக் காப்பதற்கு இத்தனை சிரத்தை கொண்டவர்களே பெயரை அழிப்பதிலும் சிரத்தை கொண்டனர் என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

மயானத்தின் வாயிலருகே 2-ஆவது டிவிஷனாருடைய ஞாபகக் கல் நிற்கின்றது. ஆளுயரத்திற்கு மிஞ்சிய முரட்டுப் பாறை. அதிலுள்ள வாசகம் உலகின் பல தேசங்களில் போர் நினைவு நாளன்று ஓதப்படுகிறது. வருவோரெல்லாம் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். வாசகத்தினும் எனக்குக் கல்லே பெரிதாய்த் தோன்றிற்று. அதை இழுத்துவந்து நிறுத்தியவர்கள் நாகர்கள். ஊராருக்கு விருந்திட்டுப் பெருமை பெற்றவன் நினைவாகப் பெருங்கல்லை மரச்சறுக்கில் ஏற்றி, கயிறு கட்டி, நூற்றுக்கணக்கானோர் பாடிக்கொண்டு இழுத்துவந்து நாட்டுதல் அங்காமி நாகரின் புராதன வழக்கம். யுத்தகாலத்தில் மூட்டை சுமந்தவரும், காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு செங்குத்துச் சரிவுகளில் இறங்கியவரும், வேவு பார்த்தவரும் அவர்களே. அவர்களுடைய வீடுகள் எரிந்தன. சுமந்தவர் பெயர்கள் எந்தக் கல்லிலும் வரிசையாய் இல்லை. ஜப்பானியருக்கும் அம்மயானத்தில் கல் இல்லை. ஆயினும் பிற்காலத்தில் ஊரிலுள்ள கத்தோலிக்கப் பெரிய ஆலயத்தைக் கட்ட, மாண்ட ஜப்பானியரின் உறவினர் பொருளுதவி செய்தனர்.

கல் நாட்டுதல் நமக்கும் புதிதன்று. வீரனுக்குக் கல் தேடுவதும், கொணர்வதும், நீராட்டுவதும், நடுவதும், வாழ்த்துவதும் முறைப்படி தொல்காப்பியத்தில் கூறப்பட்டுள்ளன. 2006-ல் தேனி ஜில்லா புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்துடையன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட ஒருவனுக்கு நட்டது. அவன் ஊர் பேடு. பெயர் தீயன் அந்தவன். முழங்கையளவு கல்லில் எழுதத் தெரிந்த அக்காலத்தார், ஊரையும் எழுதினர், பெயரையும் எழுதினர், எதன்பொருட்டு இறந்தான் என்பதையும் எழுதினர். கோஹிமாக் குன்றில் 917 பெயரையும் மேலிருந்து கீழாக இருமுறை படித்த எனக்கு, அவற்றில் எந்தப் பெயர் எந்த ஊருக்குரியது என்று தெரியவில்லை. அங்கே பெரியவருடைய பெரியப்பா பெயரும் இல்லை.

இம்பாலில் மற்றொரு தகன ஞாபகச் சின்னம் உண்டு. அதில் 868 பெயர்கள். அங்கும் சென்றேன், இல்லை. ஆனால் கல்லில் இடமில்லாததைக் கமிஷனார் புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். அவர்களுடைய பதிவேட்டில் அநேக இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், தாலுகா, ஜில்லா யாவும் உள்ளன. கிடைத்த இடம் தெரியாதவருக்காகப் பர்மாவில் தௌக்யான் என்னும் ஊரில் ஏறக்குறைய 27,000 நாமங்களைக் கொண்ட ரங்கூன் ஞாபக மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். அந்தத் தொகுதியில் ஊர்ப்பெயரை வைத்துத் தேடியபோது அகப்பட்டார். குமாஸ்தா ஒருவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதாதலால், ஊர்ப்பெயர் சிதைந்து, நாலுமுறை உரக்கப் படித்த பின்னரே நம் ஊர் என்று புலப்பட்டது.

அக்குறிப்பைப் பெரிய எழுத்தில் பிரதி செய்து, ஊர் திரும்பியதும் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தகப்பன் பெயரைப் படித்து, "சரி, எங்கள் தாத்தா" என்றார். ஊரைப் படித்து, பிழையைப் பார்த்துச் சிரித்தார். அதன் கீழே மனைவி பெயர் இருந்தது. அதில் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார்.

"தம்பி, பெரியம்மா நான் காளையாகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பிறந்த ஊரை வைத்து எல்லாரும் மேலூராள், மேலூராள் என்றே அழைப்போம். காரியப் பத்திரிகையிலும் அப்படியே போட்டோம். அவளுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்" என்றார்.

பிறகு உள்ளே சென்று, தம் வீட்டில் திதி எழுதிவைக்கும் நோட்டை எடுத்துவந்து, அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாய் அதில் எழுதிக்கொண்டார்.