கசிந்ததை யாரிடம் சொல்வது?

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்து நடந்து ஆள் செத்தால், முதலாளி போலீஸ் ஸ்டேஷனுக்கும் வெடிபொருள் அதிகாரிக்கும் தகவல் சொல்லியாக வேண்டும். 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டம், 8-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டாலும் சத்தம் பத்து ஊருக்குக் கேட்டுவிடும், அது வேறு விஷயம்.

தரவு கசிந்தால் சத்தமே வராது. 2021-இல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேருடைய விவரங்கள் ஆதார் எண்ணோடு இணையத்தில் கிடப்பதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. ஆலங்குளத்தில் திரி வெட்டுகிற ஒரு அக்காவின் பெயர் அதில் இருந்தால்? அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்ற கடமை அன்றைக்குச் சட்டத்தில் யாருக்கும் இல்லை.

2022 ஏப்ரலில் 'செர்ட்-இன்' என்ற மத்திய அமைப்பு 6 மணி நேரக் கெடு வைத்தது. தகவல் போக வேண்டியது அந்த அமைப்புக்கு. நமக்கு இல்லை. 2024-இல் சென்னையின் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவக் காகிதங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. ஊருக்கு அதைச் சொன்னது ராய்ட்டர்ஸ் செய்தி. கம்பெனி மெட்ராஸ் ஹைகோர்ட்டில் டெலிகிராம் மீதும் வழக்குப் போட்டது.

நஷ்ட ஈட்டின் கதைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தூத்துக்குடிக்காரர் ஒருவர், போலி மெயிலில் ஏமாந்து கணக்கிலிருந்த பணத்தை இழந்தவர், ஐசிஐசிஐ வங்கிமேல் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி புகார் கொடுத்தார். மாநில ஐ.டி. செயலாளர்தான் விசாரணை அதிகாரி. 2010-இல் 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். மேல்முறையீடு வருஷக்கணக்கில் இழுத்தது. இருந்தாலும், இழந்தவன் கேட்க ஒரு கதவு இருந்தது. 2008 திருத்தத்தில் வந்த 43ஏ பிரிவு அதை இன்னும் அகலமாக்கியது: விவரங்களைக் கவனக்குறைவாக வைத்த கம்பெனி, பாதிக்கப்பட்டவருக்கே ஈடு தர வேண்டும். (ரேஷன் துறையை அது தொடாது, கம்பெனிகளுக்கு மட்டும்தான்.)

2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு கையால் கொடுக்கிறது. கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் முழு அறிக்கை. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதம். அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். 43ஏ நீக்கப்படுகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் அக்காவுக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, அதை மட்டும் மறக்கவில்லை.

2025 நவம்பரில் வந்த அறிவிப்புப்படி இந்த நீக்கம் 2027 மே மாதம்தான் அமலாகும். அதுவரை ஐ.டி. செயலாளரிடம் மனுப் போடலாம்.