வீழ்ந்தெழுந்த சமாதானத் தூபி

இங்கிலாந்திலே, மேற்கு யோக்சயரிலுள்ள ரொட்மோடன் நகருக்கு மேலே, மரமற்ற மேட்டுநிலமொன்று பரந்து கிடக்கின்றது. காற்றை எதிர்த்து அதன்மீது நடந்தேறுவோர், ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில், ஸ்ரூட்லி பைக் என்னும் நினைவுத் தூபியைக் காண்பர்.

நெப்போலியனின் வீழ்ச்சியால் வந்த சமாதானத்தின் நினைவாக 1814இல் இதனைக் கட்டத் தொடங்கினர். மறுவருடம் அவன் எல்பாத் தீவினின்று தப்பிவரவே, வேலை தடைப்பட்டது. வாட்டர்லூப் போரின் பின்னரே நிறைவெய்தியது.

1854இல், ருஷியாவுடன் கிறிமிய யுத்தம் மூளுந் தறுவாயில், தூபி இடிந்து வீழ்ந்தது. சனங்கள் அதனைத் துர்ச்சகுனமென்றனர். காற்றும் மழையும் மின்னலும் அரித்த கல்லுக்கு வேறு சகுனம் வேண்டுமோ? 1856இல் சமாதானம் மீண்டதும், 121 அடி உயரத்தில் மறுபடியும் எழுப்பினர்.

வாலிபர்களே! சமாதானத்தை ஒருமுறை நாட்டினாற் போதாது. வீழுந்தோறும் எடுத்து நிறுத்தும் கரங்களும் வேண்டுமன்றோ?