வாய்க்குள் மறைந்த பட்டு நூல்

தமிழ்த் திரைப்பட ரசனையை வடிவமைத்ததில் காஞ்சிபுரத்துக்குத் தனியிடம் உண்டு. 1909இல் அங்குப் பிறந்த அண்ணாதுரை கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி', 'வேலைக்காரி' இரண்டும் 1949இல் வெளிவந்தன. அநீதிக்கு ஆளான எளியவன் அறிவாலும் சொல்லாலும் செல்வந்தனை வீழ்த்துவான் என்ற எதிர்பார்ப்பு அக்காலப் படங்களின் வழியே நம்முள் வேரூன்றியது. அதன்பின் பல்லாண்டுகள் நாம் திரையரங்கில் காத்திருந்தது அந்த வெற்றி முழக்கத்துக்காகத்தான்.

அதே ஊரின் நெசவாளரைப் பற்றி, ஏறத்தாழ அதே காலத்தைக் களமாகக் கொண்டு பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்', 2008இல் டொராண்டோ திரைப்பட விழாவிலும் 2009 மார்ச்சில் திரையரங்குகளிலும் வெளியானபோது அந்த முழக்கம் எழவில்லை. தறியில் பட்டு நெய்யும் வேங்கடம், மகளைப் பட்டுச் சேலையில் மணமுடிப்பதாக ஊரறிய வாக்களிக்கிறான். நெய்பவன் உடுத்த இயலாத பட்டு அது. எனவே முதலாளியின் நூலை வாய்க்குள் மறைத்துச் சிறிது சிறிதாகத் திருடுகிறான். பொதுவுடைமைக் கொள்கையை ஏற்று வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குபவனும் அவனே. வேலைநிறுத்தம் நீண்டால் நூல் கிடைக்காது. ஆகவே போராட்டத்தை அவனே முறிக்கிறான். மேடையில் பேசும் வாயும் நூலை மறைக்கும் வாயும் ஒன்றே என்பதுதான் படத்தின் மையம். வசனத்தால் வெல்லும் நாயகனுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பைத் தமிழ்த் திரை அரிதாகவே தந்திருக்கிறது.

இந்த மறுப்பு எவரிடமிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 'சித்திரம்' (1988), 'கிலுக்கம்' (1991), 'ஹேரா பேரி' (2000) என நகைச்சுவையால் அறியப்பட்டவர் பிரியதர்ஷன். 'காலாபானி' (1996) போன்ற விதிவிலக்குகள் இருந்தபோதிலும் அவர் பெயரைக் கேட்டதும் நாம் எதிர்பார்ப்பது ஆள்மாறாட்டமும் துரத்தலும்தான். ஆயினும் 'காஞ்சிவரம்' அவருடைய பாணியைத் துறந்த படமன்று என்பதே நம் கருத்து. பணமில்லாத மனிதன், அவன் காக்கும் இரகசியம், ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய், எல்லாம் மோதும் உச்சகட்டம்: அவருடைய நகைச்சுவைப் படங்களின் எலும்புக்கூடு இங்கும் அப்படியே இருக்கிறது. அங்கே குழப்பம் சிரிப்பில் கலைகிறது. இங்கே அது சிறையிலும் மகளின் மரணத்திலும் முடிகிறது.

நெசவை அறிந்தோர்க்கு மற்றொன்றும் புலப்படும். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் உதவியாள் ஒருவரும் உடனிருப்பார். காஞ்சிப் பட்டு, குடும்பமே சேர்ந்து உழைக்கும் தொழில். வேங்கடமோ தன் மகளுக்கான பட்டை எவரும் அறியாமல் தனியே நெய்கிறான். கூட்டு உழைப்பிலிருந்தும் கூட்டுப் போராட்டத்திலிருந்தும் ஒருசேர விலகியவனின் துணி அது. அது முற்றுப்பெறாமலே போவதில் வியப்பில்லை.

2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாக இது தேர்வானது. பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகரானார். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தப் பத்தாண்டில்தான். குறியீடு ஊரின் பெயரைக் காத்தது. நெய்த கைகளுக்கு அந்தச் சேலை எட்டியதா என்ற கேள்வியைக் கேட்டது இப்படம். ஆறுதலான விடை எதையும் தராமல் நம்மை அனுப்பிவைத்ததே அதன் நேர்மை எனலாம்.