தன்னிரத்த மீளேற்றம்

அறுவையின்போது நோயாளி இழக்கும் இரத்தத்தைச் சேகரித்து அவருக்கே திரும்ப ஏற்றுவது தன்னிரத்த மீளேற்றம். பிறர் இரத்தம் கிடைக்காதபோதும், அதன் மீது அச்சம் எழுந்தபோதும்தான் இம்முறை வளர்ந்திருக்கிறது.

பேறுகால உதிரப்போக்கில் தாய்மார் இறப்பதைக் கண்டு வருந்திய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், நாய்களின் தமனியில் எடுத்த இரத்தத்தை அவற்றின் சிரைக்கே செலுத்திய சோதனைகளை 1818இல் வெளியிட்டார். 1880களில் எடின்பரோவின் ஜான் டங்கன், கால் நசுங்கிய ஒருவருக்கு உறுப்பகற்றும்போது வடிந்த இரத்தத்தைச் சோடியம் பாஸ்பேட் கலந்து ஏற்றினார். இரத்தப் பிரிவுகள் அறியப்படாத காலம் அது. சேராத இரத்தம் ஆளைக் கொன்றுவிடும், சொந்த இரத்தத்தில் அந்த ஆபத்து இல்லை.

1914இல் ஜெர்மனியின் யோகன்னஸ் தீஸ், கருக்குழாய் வெடித்த பெண்களுக்கு இதைச் செய்தார். கரு கருப்பைக்கு வெளியே தங்கிக் குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் இரத்தம் தேங்கும். அதைக் கரண்டியால் அள்ளி, பல மடிப்புத் துணியில் வடிகட்டி, உறையாமலிருக்கச் சிட்ரேட் சேர்த்து ஏற்றுவார்கள். இரத்த வங்கி எட்டாத இடங்களில் இந்த எளிய முறை இன்றும் தாய்மாரைக் காப்பாற்றுகிறது.

1930களில் இரத்த வங்கிகள் வந்ததும் இது ஒதுக்கப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜெரால்டு கிளெபனாஃப் உறிஞ்சி ஏற்றும் கருவியை அமைத்தார். இரத்தக் குழாய்க்குள் காற்று புகும் ஆபத்து அதில் இருந்தது. 1970களில் வந்த ‘செல் சேவர்’ வகைக் கருவிகள், உறிஞ்சிய இரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரித்து, உப்புநீரில் கழுவித் தருகின்றன.

இந்தியாவில் பிறர் இரத்தத்தின் மீதான அச்சம் 1986இல் தொடங்கியது. சென்னையில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய மாதிரிகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது இரத்தம் வழியாகவும் பரவும் எச்.ஐ.வி. நாட்டில் இருப்பது முதன்முறையாக உறுதியானது. அதைக் கண்டறிந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் சுனிதி சாலமன். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி, காசுக்கு இரத்தம் கொடுப்பது 1998 முதல் தடைசெய்யப்பட்டது. 1952இல் பம்பாயில் அறியப்பட்ட அரிய ‘பாம்பே’ இரத்தப் பிரிவினருக்கு, கொடையாளர் கிடைப்பதே கடினம் என்பதால், சொந்த இரத்தம் விலைமதிப்பற்றது.

கழுவும்போது பிளாஸ்மாவும் தட்டணுக்களும் போய்விடுகின்றன. பெருமளவு இரத்தம் இழந்தவருக்கு அவற்றைத் தனியே கொடுத்தே ஆகவேண்டும். குடல் கிழிந்து மலம் கலந்த இரத்தத்தைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். புற்றுநோய் அறுவையில் கட்டியின் அணுக்கள் கலக்குமோ என்ற ஐயத்தால் வெள்ளணு வடிகட்டியையும் சேர்ப்பதுண்டு. சிசேரியனில் இதை வழக்கமாக்கலாமா என்று பிரிட்டனில் ஏறத்தாழ 3,000 பெண்களிடம் நடந்த, 2017இல் வெளியான ஆய்வில், பிறர் இரத்தத்தின் தேவை தெளிவாகக் குறையவில்லை.