மனுவின் வடிவமும் எளிய உரைக் கோப்பும்: புதுச்சேரிக் கொம்யூன்களை முன்வைத்து

ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்கள் அண்மைப் பத்தாண்டுகளில் வெளியிட்ட ஆய்வு நூல்களின் உரிமைப் பக்கத்தைப் புரட்டினால், கோலம், இன்டெக்ரா, எஸ்பிஐ ஆகிய நிறுவனப் பெயர்களை அடுத்து ‘பாண்டிச்சேரி, இந்தியா’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். உலகக் கல்விப் பதிப்புத் துறையின் பக்கங்களைக் கோத்துத் தரும் ஊராகப் புதுச்சேரி வளர்ந்ததற்கு அந்த ஒரு வரியே சான்று. கணிதமும் இயற்பியலும் நிறைந்த பக்கங்களை அமைக்க அத்துறை நாடும் முதன்மையான கருவிகளுள் ஒன்று லேடெக். ஆனால் அதே புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ ஒருவர் வட்டாட்சியருக்கு மனு எழுதும்போது அந்தக் கருவி யார் நினைவுக்கும் வருவதில்லை. அந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அலுவல் கடிதத்தின் வடிவம் நீண்ட காலம் ஆட்களிடமே இருந்தது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் இருமொழி அறிந்த துபாஷிகள் ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் நடுவே நின்றனர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களுள் முதன்மையானவர். 1880இல் பிரெஞ்சு அரசு கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சி அமைப்புகளை ஏற்படுத்தியபோது வில்லியனூரும் பாகூரும் அவற்றுள் இடம்பெற்றன. அந்த நிர்வாகத்தின் மொழி பிரெஞ்சு; விளிப்பு முதல் நீண்ட பணிவு வாசகம் வரை அதன் கடித மரபு கட்டுக்கோப்பானது. அதை அறியாத உழவருக்கு எழுதித் தர இன்னொருவர் தேவைப்பட்டார்.

இந்தியாவும் பிரான்சும் 1956இல் கையெழுத்திட்ட இணைப்பு உடன்படிக்கை, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. 1965இன் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் உரிய இடம் பெற்றது. மொழி மாறியபோதும் வடிவம் தெரிந்தவரை நாடிப்போகும் வழக்கம் மாறவில்லை. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை, செய்தி, இப்படிக்கு, இடம், நாள், இணைப்பு என்ற வரிசையைத் தட்டச்சுப் பயிலகங்கள் கற்றுக்கொடுத்தன. தமிழ்நாடு அரசின் தட்டச்சுத் தேர்வில் வேகத்தாளுடன் கடிதமும் அட்டவணையும் அமைக்கும் தாளும் உண்டு. ஓரம் எவ்வளவு விடுவது, பொருள் வரியை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பழகிப் பழகித் தட்டச்சரின் விரலில் ஏறின.

இந்த அறிவைக் கோப்பில் எழுதிவைக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1964இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் தம் ஆய்வேட்டு முன்வரைவைத் தட்டெழுத ‘ரன்ஆஃப்’ என்னும் நிரலை எழுதினார். உரைக்கு இடையே கட்டளை வரிகளை இட்டால், பக்கத்தை அதுவே ஒழுங்குபடுத்தித் தரும். 1971இல் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு, விண்ணப்பங்களைத் தட்டெழுத யூனிக்ஸ் இயங்குதளத்தையும் அதன் ‘ராஃப்’ நிரலையும் ஏற்றுக்கொண்டது. யூனிக்ஸுக்கு வாய்த்த முதல் அலுவலகப் பணியே விண்ணப்பம் எழுதுவதுதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

டொனால்ட் நூத் 1977இல் டெக் நிரலை உருவாக்கத் தொடங்கியது கணிதம் நிறைந்த தம் நூலுக்காக. எனினும் 1984இல் வந்த ‘டெக்புக்’ நூலின் பின்னிணைப்பில் அவர் தந்த மாதிரி வடிவங்களுள் அலுவல் கடிதமும் ஒன்று. முகவரியை ஒருமுறை தட்டினால் போதும். கடிதத்தின் தலைப்பகுதியும் உறைமேல் ஒட்டும் சீட்டும் அதிலிருந்தே வரும். டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லேடெக் இதைக் ‘கடித வகுப்பு’ ஆக்கியது. முகவரி, விளிப்பு, முடிப்பு, கையொப்பம், நகல், இணைப்பு என ஒவ்வொன்றுக்கும் அதில் தனிக் கட்டளை உண்டு. எழுதுபவர் செய்தியைத் தருகிறார். இடைவெளியை வகுப்பு பார்த்துக்கொள்கிறது. தட்டச்சரின் விரலில் இருந்த அறிவு இப்படி யாரும் படியெடுக்கக்கூடிய கோப்பாயிற்று.

தமிழுக்கு இது எட்டாமல் போனதற்கு முதற் காரணம் எழுத்து. தொடக்ககால டெக் 7 பிட் உள்ளீட்டை மட்டுமே ஏற்றது. கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் அமரும் தமிழை அதில் அமைக்க, ரோமன் எழுத்தில் தட்டி, இடையில் ஒரு நிரலால் மாற்ற வேண்டியிருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே உருவாக்கிய தமிழ் எழுத்துரு இவ்வழியில் எழுந்த முன்னோடி முயற்சி. நம் அலுவலகங்களோ பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களை நம்பின. ஒன்றில் தட்டிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முந்தைய மனுவைப் ‘பார்வை’யில் காட்டி அடுத்ததை எழுதுபவருக்கு இது சிறு இழப்பன்று. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில்தான் யுனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2004இல், ஜோனதன் கியூ டெக்கை விரித்து எழுதிய ஸீடெக் வந்து யுனிகோடுத் தமிழை நேரடியாக ஏற்றுவிட்டது. அன்றே எழுத்துத் தடை நீங்கியது என்பேன்.

நீங்காதது மரபுத் தடை. லேடெக்கின் கடித வகுப்பு அமெரிக்க வழக்கில் பிறந்தது. அனுப்புநர் முகவரியும் நாளும் வலப்பக்கம் ஏறும். நகல், இணைப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் வரும். பொருள் வரிக்கு அதில் இடமே இல்லை. நம் அலுவலகங்களில் பொருள் வரியைப் பார்த்துத்தான் மனு எந்தப் பிரிவுக்குப் போகும் என்று முடிவாகிறது. மார்க்கஸ் கோம் உருவாக்கிய கோமா-ஸ்கிரிப்ட் தொகுப்பின் கடித வகுப்பு இதைச் சரிசெய்தது. அதில் பொருள் வரி உண்டு; மேலும், ஒவ்வொரு நாட்டின் கடித வழக்கையும் தனிச் சிறு கோப்பில் எழுதிச் சேர்க்கலாம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான் வழக்குகளுக்கு அப்படிக் கோப்புகள் உள்ளன. பிரெஞ்சுத் தரத்துக்கும் ஒன்று உண்டு. தமிழ் மனுவுக்கு அத்தொகுப்பில் ஒன்றும் இல்லை. ஒருகாலத்தில் வில்லியனூர் உழவர் பிறர் உதவியால் எழுதிய மொழியின் கடித மரபு அங்கே அமர்ந்திருக்க, அவருடைய சொந்த மொழியின் மரபு வெளியே நிற்கிறது. ஜப்பானிய, பிரெஞ்சு வழக்குகள் தேவைப்பட்டவர்கள் அவற்றை எழுதிச் சேர்த்தார்கள். நாம் எழுதவில்லை; இதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

சொற்செயலிக் கோப்பு இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லேடெக்கில் எழுதுவது எளிய உரைக் கோப்பு; அதை எந்தக் கணினியும், எந்த மலிவுக் கைப்பேசியும் திறக்கும். முதியோர் உதவித்தொகைக்கோ பட்டா மாற்றத்துக்கோ ஒருமுறை நன்றாக அமைத்த மனுவை, பெயரையும் முகவரியையும் மாற்றி ஊர் முழுவதும் பயன்படுத்தலாம். ஓரமும் வரிசையும் கெடாது. மென்பொருளுக்கும் காசில்லை.

தேவையானவை மிகக் குறைவு: அனுப்புநரையும் பெறுநரையும் இடப்பக்கம் அடுக்கும் அமைப்பு, பொருளுக்கும் பார்வைக்கும் உள்தள்ளிய வரிகள், ‘இப்படிக்கு’ வலப்பக்கம், இடமும் நாளும் இடப்பக்கம், தமிழ் மாதப் பெயர்கள். லேடெக் அறிந்த ஒருவருக்கு இது சில நாள் வேலை. அயல்நாட்டு ஆய்விதழ்களின் நுட்பமான வடிவங்களை நாள்தோறும் கையாளும் புதுச்சேரி டைப்செட்டிங் துறையினரும், பொறியியல் மாணவர்களும், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் சேர்ந்து தமிழ் மனுவுக்கான அந்த ஒரு கோப்பை எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். அதன் முதற்படியை வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களுக்கும் அரசுப் பள்ளிக் கணினிக் கூடங்களுக்கும் கொடுக்க வேண்டும்.