மின்கம்பி ஏன் நெளியுது? ஆன்டி-அலியாஸிங்கின் கதை

போன மாசம் தலத்தெருவிலிருந்து என் சித்தப்பா பையன் போன் பண்ணான். பிளஸ் டூ முடிச்சு லீவுல இருக்கான். எடுத்ததும், "அக்கா, எனக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு நினைக்கிறேன்"னான். கேம் விளையாடும்போது தூரத்துல இருக்கிறது எதுவும் தெளிவா இல்லையாம். சித்தி பயந்துபோய் காரைக்காலுக்குக் கூட்டிப்போய்க் கண் டெஸ்ட் பண்ணிட்டாங்க. பார்வை நல்லாத்தான் இருக்கு.

சரி, கண்ணு இல்லைன்னா கிராஃபிக்ஸ் கார்டுதான் பிரச்சினைன்னு அவனே முடிவு பண்ணிட்டான். புதுசு 22,000 ரூபாய். சித்தப்பா, "அக்காகிட்ட கேளு, அவ வேணும்னா வாங்கலாம்"னு சொல்லியிருக்கார். நான் செட்டிங்ஸ் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆன்டி-அலியாஸிங்னு ஒரு வரி. அதுக்குக் கீழே ஆஃப், எஃப்எக்ஸ்ஏஏ, எஸ்எம்ஏஏ, டிஏஏ. "இதுல எதுக்கா பெஸ்ட்?"

ஒரு வார்த்தையில பதில் சொல்லியிருக்கலாம். ஆனா அந்த மெனு ஒரு வரலாறு. அதுல இருக்கிற ஒவ்வொரு பேரும் ஒவ்வொரு காலத்துல, வேற வேற நெருக்கடியில வந்தது. அது தெரிஞ்சா எதை எப்போ வைக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடலாம். ஸ்கூல்ல கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்குமே, அதை எடுத்துக்கோங்க. ஒரு விதி: கட்டத்தை முழுசா கறுப்பாக்கலாம், இல்லைன்னா அப்படியே விடலாம். இப்போ ஒரு சாய்ந்த கோடு வரைஞ்சு பாருங்க. படிக்கட்டுதான் வரும். ஆனா கோடு பாதி மறைக்கிற கட்டத்தைப் பென்சிலால் லேசாகத் தீட்டலாம்னு விதியை மாத்தினா, நோட்டைத் தள்ளி வெச்சுப் பார்க்கும்போது கோடு நேராத் தெரியும். ஆன்டி-அலியாஸிங் அவ்வளவுதான். அந்தப் பாதியைக் கண்டுபிடிக்க எவ்வளவு செலவாகும், அதை யார் கொடுக்கிறதுங்கிறதுதான் மீதிக் கதை.

யூட்டா பல்கலைக்கழகத்தில் படித்த ஃபிராங்க் க்ரோ, 1977-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணினிப் படத்தில் இந்தக் கோளாறு மூன்று இடங்களில் தெரியும் என்றார்: பொருளின் விளிம்பில், மிகச் சிறிய பொருளில், நுணுக்கம் அடர்ந்த பரப்பில். கேம் மொழியில் சொன்னா, கட்டடத்தின் ஓரம், தூரத்து மின்கம்பி, மரத்தின் இலைகள். இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க. அப்புறம் வந்த ஒவ்வொரு முறையும் இதில் எதையோ சரிபண்ணி, எதையோ கைவிட்டது.

1984-ல் லூகாஸ்ஃபிலிமின் கணினிப் பிரிவில் ராபர்ட் குக்கும் அவருடைய சகாக்களும் வேறொரு வழி சொன்னார்கள். ஒரு பிக்சலுக்குள் பல புள்ளிகளில் நிறத்தை எடுப்போம், ஆனா அந்தப் புள்ளிகளை ஒழுங்கு வரிசையில் வைக்காமல் கலைத்துப் போடுவோம் என்பது அது. வரிசையாக வைத்தால் வரும் நெளிவு நம் கண்ணை உறுத்தும். கலைத்துப் போட்டால் அது மெல்லிய புள்ளி இரைச்சலாக மாறிவிடும், அதைக் கண் மன்னித்துவிடும். குரங்கின் விழித்திரையிலேயே செல்கள் அப்படிச் சீரற்றுத்தான் பரவியிருக்கு என்ற ஆய்வையும் குக் எடுத்துக்காட்டினார். ஆனா சினிமாவில் ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கில் காத்திருக்கலாம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட்.

நான் இந்தப் படிக்கட்டை முதல்ல பார்த்தது சித்தப்பா வீட்டு பென்டியம் 4-ல. 15 இன்ச் பழைய மானிட்டர், 800×600. பெரிய அண்ணன் ஜிடிஏ வைஸ் சிட்டி விளையாடுவான். நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த கேம் செட்டிங்ஸ்ல 'டிரெய்ல்ஸ்'னு ஒண்ணு இருக்கும், ஞாபகம் இருக்கா? முந்தின ஃபிரேமை இப்போதைய ஃபிரேம் மேல லேசாக் கலக்கும். விளிம்பெல்லாம் மிருதுவாகும், ஆனா கார் திரும்பினா பேய் மாதிரி நிழல் இழுக்கும். அண்ணன் கேமைப் போட்டதும் முதல் வேலையா அதை அணைச்சிடுவான். இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்தக் காலத்தில் கார்டு தயாரிப்பாளர்கள் வேறொரு போட்டியில் இருந்தார்கள். 2000-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ 5 5500 என்ற கார்டை விட்டது. படத்தைப் பல மடங்கு கணக்கிட்டுச் சராசரி எடுக்கும் சூப்பர்சாம்பிளிங்தான் அதன் பெருமை. அதில் ஒரு அழகான தந்திரம் இருந்தது. ஒரு பிக்சலில் நான்கு புள்ளிகளைச் சதுரமாக வைத்தால், உயரத்தில் இரண்டே படிகள்தான் கிடைக்கும். அதே சதுரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் நான்கு புள்ளியும் நான்கு வேறு உயரத்தில் நிற்கும். கிட்டத்தட்டக் கிடையாகப் போகும் கோட்டில்தான் படிக்கட்டு கண்ணை அதிகம் குத்தும். அங்கே அதே செலவில் இரண்டு மடங்கு பலன். தந்திரம் நல்லது, கம்பெனி பிழைக்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே அதன் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது.

அடுத்து வந்தது எம்எஸ்ஏஏ. 2001-ல் ஜீஃபோர்ஸ் 3, 2002-ல் ரேடியான் 9700 ப்ரோ வழியாகப் பரவியது. விளிம்பு எங்கே இருக்கு என்பதை மட்டும் நான்கு இடத்தில் பார்க்கும். நிறக் கணக்கை ஒரு பொருளுக்குப் பிக்சலுக்கு ஒரு முறைதான் போடும். க்ரோ சொன்ன முதல் இடமான விளிம்புக்கு இதைவிடச் சுத்தமான வைத்தியம் இன்னைக்கும் கம்மி. ஆனா அந்நாளைய கேம்களில் மரத்து இலை என்பது தட்டையான அட்டையில் ஒட்டிய படம். அட்டையின் ஓரம் மிருதுவாகும். அதுக்குள்ள வரைஞ்ச இலை மினுமினுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் கேம்கள் வெளிச்சம் போடும் முறையே மாறியது. டிஃபர்ட் ரெண்டரிங் என்று பெயர். ஒவ்வொரு பிக்சலின் நிறம், திசை, பளபளப்பு எல்லாத்தையும் முதலில் தனித்தனியா எழுதி வைத்து, விளக்கு வெளிச்சத்தைக் கடைசியில் மொத்தமாகக் கணக்கிடுவது. கணக்குப் போட்டுப் பாருங்க. 1920×1080 என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 20 பைட் என்று வைத்தால் 41 எம்பி. இதில் 4 மடங்கு எம்எஸ்ஏஏ போட்டால் 166 எம்பி. இதை ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுதணும், படிக்கணும். எம்எஸ்ஏஏ மெல்ல மெனுவிலிருந்து மறைந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

அந்த இடத்தை நிரப்ப வந்தவை எல்லாம் முடிந்த படத்தை ஒட்டுப்போடும் முறைகள். 2009-ல் இன்டெலின் அலெக்சாண்டர் ரெஷெடோவ், படம் வரைந்து முடிந்த பிறகு படிக்கட்டு வடிவங்களைத் தேடிக் கண்டுபிடித்து மழுக்கும் எம்எல்ஏஏ-வை வெளியிட்டார். என்விடியாவின் டிமத்தி லாட்ஸ் எழுதிய எஃப்எக்ஸ்ஏஏ, ரொம்ப எளிசு, ரொம்ப வேகம். ஆனா எழுத்தையும் நுணுக்கத்தையும்கூட விளிம்பு என்று நினைத்து மழுக்கிவிடும். 2012-ல் ஹோர்ஹே ஹிமெனெஸ் குழுவினரின் எஸ்எம்ஏஏ அதைவிடக் கவனமானது. இந்த மூணுக்கும் ஒரே குறை: படத்தில் விழாமல் போன மின்கம்பியை இவற்றால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால்தான் நடக்கும்போது கம்பி அறுந்து அறுந்து நெளியும்.

அதைத் தீர்த்தது டிஏஏ. 2014-ல் எபிக் நிறுவனத்தின் பிரையன் கேரிஸ், அன்ரியல் என்ஜின் 4-ல் செய்ததை சிக்ராஃப் மாநாட்டில் விளக்கினார். ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவாக அசைத்து, முந்தைய ஃபிரேம்களின் விவரத்தை இப்போதையதுடன் சேர்ப்பது. நான்கு புள்ளிகளை ஒரே நேரத்தில் வாங்காமல், தவணையில் வாங்குவது மாதிரி. விளிம்பு, கம்பி, இலை மூணுக்கும் ஒரே மருந்து. விலை? அசையும்போது மங்கல், பின்னால் இழுக்கும் நிழல். ஆமா, அண்ணன் அணைச்ச அந்த டிரெய்ல்ஸோட தூரத்துச் சொந்தம்தான். எங்கே என்ன நகர்ந்தது என்று கணக்கு வைத்திருப்பதால் பல மடங்கு புத்திசாலி.

ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம். டிரெய்ல்ஸை அணைக்க முடிந்தது. டிஏஏ எப்படியும் இருக்கும் என்ற நம்பிக்கையில், முடியையும் இலையையும் நிழலையும் புள்ளி புள்ளியாக அரைகுறையாக வரையப் பழகிவிட்டார்கள் இப்போதைய கேம் தயாரிப்பாளர்கள். அணைத்தால் படம் உதிர்ந்துவிடும். தேர்வு நம்ம கையிலிருந்து அவங்க கைக்குப் போயிடுச்சு. 4கே திரையில் 82.9 லட்சம் பிக்சல். ஒரு பிக்சல் அளவு மங்கல் அங்கே கண்ணுக்கே தெரியாது. நம்ம வீட்டு 1080பி-யில் நான்கில் ஒரு பங்குதான் பிக்சல். அதே மங்கல் முகத்தில் அடிக்கும். குறைவா வெச்சிருக்கிறவன்தான் அதிக விலை கொடுக்கிறான். எனக்கு இதுல கோபம் உண்டு.

தம்பி விஷயத்துக்கு வருவோம். அவன் ஃபிரேம் கூடணும்னு ரெசொல்யூஷனை 1366×768-க்கு இறக்கி வெச்சிருந்தான். மானிட்டரோ 1080பி. பாதிப் பிக்சல்ல டிஏஏ மழுக்கினதை, மானிட்டர் வேற 1.4 மடங்கு இழுத்துக் காட்டியிருக்கு. கண்ணு மேல தப்பே இல்லை.

என்ன பண்ணோம்? ரெசொல்யூஷனை 1080பி-க்கே ஏத்தினோம். நிழல், பிரதிபலிப்பு இரண்டையும் இறக்கினோம். ஃபிரேம் இன்னும் பத்தலை. அதனால ஏஎம்டி 2022-ல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் 2-ஐ, குவாலிட்டி நிலையில் வைத்தோம். அது உள்ளுக்குள் 1280×720-ல்தான் வரையும். அவன் வெச்சிருந்ததைவிடக் கம்மி! ஆனா பழைய ஃபிரேம்களிலிருந்து விவரத்தைத் திரட்டி 1080பி படத்தைக் கட்டும். எழுத்து, மேப் எல்லாம் முழு அளவிலேயே வரும். கூர்மையைக் கொஞ்சம் ஏத்தினோம். ஆர்டிஎக்ஸ் கார்டு இருக்கிறவங்க டிஎல்எஸ்எஸ் வைக்கலாம். கார்டுக்குத் தெம்பு மிச்சம் இருந்தா, ரெசொல்யூஷனைக் குறைக்காத டிஎல்ஏஏ.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி எம்எஸ்ஏஏ இன்னும் இருக்கிற கேமில் யோசிக்காம 4 மடங்கு வையுங்க. பழைய கேம், எம்எஸ்ஏஏ இல்லைன்னா எஸ்எம்ஏஏ. எஃப்எக்ஸ்ஏஏ கடைசி வழி. எதை மாத்தினாலும் நின்ன இடத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒரு மின்கம்பியோ வேலியோ இருக்கிற இடமாப் பார்த்து, மெதுவா நடந்து பாருங்க. ஸ்கிரீன்ஷாட்ல எல்லாமே அழகாத்தான் இருக்கும்.

சாயங்காலம் தம்பி மெசேஜ் போட்டான்: "தூரத்து போர்டு படிக்க முடியுதுக்கா." பத்து நிமிஷத்துல சித்தப்பா போன். "கார்டு வேண்டாம்னு சொல்லிட்டியாமே, நல்லா இரும்மா." பின்னாடி தம்பி குரல் கேட்டுது: "வேண்டாம்னு அக்கா சொல்லல, இப்போதைக்கு வேண்டாம்னுதான் சொன்னாங்க."

அதுவும் சரிதான்.